பிக்சர் டே: பொட்டு, பேக்கேஜ், பணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. எங்கள் மேஜை இழுப்பறையைத் திறந்தால் இன்னும் கத்தரிக்காத வாலட் சைஸ் படங்கள் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. பள்ளியில் பிள்ளைகளைப் படம் எடுக்கும் இந்த பிக்சர் டே விஷயத்தில் அதுதான் என் தகுதி. செப்டம்பர் வந்ததும் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதே கேள்விகளைக் கேட்பார்கள், நானும் பஸ் ஸ்டாப்பில் நின்று இதே பதில்களைச் சொல்வேன். அதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பள்ளிக்குப் பள்ளி, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். உங்கள் பிள்ளையின் பையில் வரும் படிவத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிக்சர் டே என்றால் என்ன? நம்மூர் குரூப் போட்டோ மாதிரியா?

இல்லை. நம்மூரில் வருடக் கடைசியில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, டீச்சர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் வகுப்பின் பெயர் எழுதிய சிலேட்டை வைத்து எடுப்பார்களே, அது ஒரு வகுப்புக்கு ஒரு படம். இங்கே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக ஸ்டூலில் உட்காரவைத்து எடுக்கிறார்கள். பள்ளி திறந்து சில வாரங்களில், செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஒரு நாள். ஜிம்மிலோ நூலகத்திலோ திரை கட்டி, விளக்கு வைத்து, ஒரே நாளில் மொத்தப் பள்ளியையும் முடித்துவிடுவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். "தலையைச் சாய், சிரி, அடுத்து."

இது இங்கே பழைய வழக்கம், பழைய வியாபாரமும்கூட. இந்தத் தொழிலில் பெரிய கம்பெனியான லைஃப்டச் 1936-இல் மின்னசோட்டா மாநிலத்தில் நேஷனல் ஸ்கூல் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2018-இல் இணையத்தில் படம் அச்சடித்து விற்கும் ஷட்டர்ஃபிளை அதை 82.5 கோடி டாலருக்கு வாங்கியது. பிள்ளைகள் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிப்பதில் அவ்வளவு பணம் இருக்கிறது. (எங்கள் பள்ளிக்கு வருவது வேறொரு கம்பெனி. அதன் பெயர் இங்கே தேவையில்லை.)

பணம் கட்டாவிட்டால் என் பிள்ளையைப் படம் எடுக்க மாட்டார்களா?

எடுப்பார்கள். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். நானும் முதல் வருடம் பரீட்சைக் கட்டணம் மாதிரி நினைத்து, கடைசித் தேதிக்கு முந்தின இரவு பதற்றமாகப் பணம் கட்டினேன்.

இயர்புக் (பள்ளியின் வருடாந்திரப் படப் புத்தகம்), அடையாள அட்டை, பள்ளியின் கம்ப்யூட்டர் பதிவு எல்லாவற்றுக்கும் பள்ளிக்குப் படம் வேண்டும். அதனால் பணம் கட்டியவர், கட்டாதவர் என்று பார்க்காமல் எல்லாரையும் எடுப்பார்கள். நீங்கள் வாங்காவிட்டால் வகுப்பில் யாரும் பிள்ளையைத் தனியாக நிறுத்தப் போவதில்லை. வீட்டுக்குப் படக் கவர் வராது, அவ்வளவுதான். எல்லாரும் கவரை எடுத்துக்கொண்டு போகும் அந்த மதியம் பிள்ளைக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அது உண்மை. "நமக்கு வேண்டியதை நாம் கம்ப்யூட்டரில் வாங்குகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். என் மகன் அதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஃப்ரிட்ஜில் ஒட்டுவியா?" என்று மட்டும் கேட்டான்.

நாலு துண்டுக் காகிதத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

நீங்கள் காகிதத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. படக்காரர்கள் பள்ளியிடம் பொதுவாகக் கூலி வாங்குவதில்லை. ஆள் அனுப்பி, விளக்கு வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் எடுத்து, பள்ளிக்கு வேண்டிய படங்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பல இடங்களில் விற்பனையில் ஒரு பங்கும் பள்ளிக்கோ பெற்றோர் சங்கத்துக்கோ போகிறது. இத்தனையும் வாங்குகிறவர்கள் தலையில்தான் விடிகிறது. நூறு பேர் சாப்பிட்ட விருந்துக்கு முப்பது பேர் பணம் கொடுத்தால் இலை விலை எப்படி இருக்கும்?

"பள்ளிக்குத்தானே போகிறது" என்று மனதைத் தேற்றிக்கொண்டு பெரிய பேக்கேஜ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்குக் கொடுக்க ஆசை இருந்தால் பெற்றோர் சங்கத்துக்கு நேராக ஒரு இருபது டாலர் செக் எழுதுங்கள். முழுதும் போய்ச் சேரும்.

ஏ, பி, சி, டி என்று பேக்கேஜ் இருக்கிறதே, எதை வாங்குவது?

போன வருடம் எங்களுக்கு வந்த படிவத்தையே சொல்கிறேன். மிகச் சின்ன பேக்கேஜ் 18 டாலர். அதில் 5-க்கு 7 அங்குல அளவில் ஒன்று, வாலட் சைஸில் நாலு. டிஜிட்டல், அதாவது கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் படம், கிடையாது. டிஜிட்டல் சேர்ந்த பேக்கேஜ் 46 டாலர். அதில் 8-க்கு 10 இரண்டு, 5-க்கு 7 நாலு, வாலட் பதினாறு, போதாததற்கு ஒரு சாவிக்கொத்து. அதன் பக்கத்தில்தான் மஞ்சள் நட்சத்திரம் போட்டு 'பெஸ்ட் வேல்யூ' என்று எழுதியிருந்தது. டிஜிட்டல் மட்டும் தனியாக 22 டாலருக்கு உண்டு. ஆனால் அது எங்கே இருந்தது தெரியுமா? எல்லா பேக்கேஜையும் தாண்டி, சட்டை பட்டன் சைஸ் பேட்ஜ், காபிக் கோப்பை எல்லாம் விற்கிற கடைசிப் பக்கத்தில்.

இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. நீங்கள் கேட்பது எதுவோ அது எப்போதும் அடுத்த பேக்கேஜில் இருக்கும். இரண்டு 5-க்கு 7 வேண்டுமென்றால் கூடவே பதினாறு வாலட் வரும். ஒரே ஒரு 8-க்கு 10 வேண்டுமென்றால் சாவிக்கொத்தும் வரும். இரண்டு பிள்ளை இருந்தால் இரண்டு தடவை. அண்ணன் தம்பிக்குத் தள்ளுபடி சில கம்பெனிகளில் உண்டு, ஆனால் கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

என் வழி இதுதான்: படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் யார் யாருக்குப் படம் கொடுக்கப் போகிறேன் என்று பெயர் எழுதிவிடுவேன். அம்மா, மாமியார், எங்கள் வீட்டுச் சுவர். மூன்று. அதற்கு மேல் எவ்வளவு காட்டினாலும் வாங்குவதில்லை. டிஜிட்டல் மட்டும் வாங்கி, மருந்துக்கடை போட்டோ கவுண்டரில் தேவையானதை மட்டும் பிரிண்ட் போட்டுக்கொள்கிறேன். அங்கே 4-க்கு 6 படம் ஒன்று அரை டாலர் அளவில் முடிந்துவிடும்.

அந்த வாலட் சைஸ் படங்களை யார்தான் வாங்குகிறார்கள்?

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பின்னால் பெயர் எழுதிக் கொடுத்துக்கொள்வதும், தாத்தா மணிபர்ஸில் பேரனை வைத்துக்கொள்வதும் இங்கே ஒருகாலத்தில் பெரிய வழக்கம். இப்போது பர்ஸில் இருப்பது கார்டு மட்டும், படமெல்லாம் போனில். ஆனாலும் பேக்கேஜை நிரப்ப அதைவிட மலிவான பொருள் கிடையாது. ஒரே தாளில் எட்டு வரும். என் இழுப்பறைக்கு இதுதான் காரணம்.

முன்பணம் கட்ட வேண்டுமா, படத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாமா?

மூன்று முறை உண்டு. ஒன்று, படம் எடுக்கும் முன்பே பணம் கட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு குதிரை வாங்குகிற மாதிரி. இரண்டாவது, படம் எடுத்தபின் ஒரு குறியீட்டு எண் தருவார்கள், அதைப் போட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வாங்கலாம். உங்கள் பள்ளியில் இது இருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள். தாமதமாக ஆர்டர் செய்தால் தபால் செலவு கூடும், முன்பணத் தள்ளுபடியும் போகும். கண்ணை மூடியிருக்கும் படத்துக்கு 46 டாலர் கொடுப்பதைவிட ஏழு டாலர் தபால் செலவு பரவாயில்லை.

மூன்றாவதுதான் வம்பு. வசந்தகாலத்தில் இன்னொரு தடவை படம் எடுக்கும் சில பள்ளிகள் இப்படிச் செய்கின்றன: யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் அச்சடித்து, கவரில் போட்டு, பிள்ளை கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு பணம் அனுப்புங்கள், மீதியைத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை அதற்குள் பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்து எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது. திருப்பி அனுப்பினால் தன் முகத்தை எங்கேயோ குப்பையில் போடப் போகிறார்கள் என்று என் மகள் ஒருதடவை அழுதாள். நானும் வாங்கிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், கவரை அப்படி அனுப்புவதே அந்த அழுகைக்காகத்தான் என்று தோன்றுகிறது. இந்த முறை பிடிக்காவிட்டால், "எங்கள் வீட்டுக்கு அச்சடித்து அனுப்ப வேண்டாம்" என்று பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஏற்றுக்கொண்டார்கள்.

என்ன உடுத்திவிடுவது? எண்ணெய், பூ, பொட்டு எல்லாம் சரியா?

எண்ணெய் முந்தின நாளே தேய்த்து அலசிவிடுங்கள். காலையில் வழிய வழிய வைத்து அனுப்பினால் ஃபிளாஷ் வெளிச்சம் நெற்றியிலும் வகிடிலும் பட்டு, பிள்ளை தலையில் டியூப்லைட் எரிகிற மாதிரி இருக்கும். என் மகளின் கிண்டர்கார்டன் படம் அப்படித்தான். பூ, பட்டுப் பாவாடை எல்லாம் உங்கள் விருப்பம், பள்ளி தடுக்காது. ஆனால் படம் மார்புக்கு மேலேதான், பாவாடைக் கரை விழாது.

பச்சைச் சட்டை வேண்டாம். சில கம்பெனிகள் பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்து, நீங்கள் கேட்ட பின்னணியைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். பச்சைச் சட்டையும் சேர்ந்து மறைந்து, கழுத்துக்குக் கீழே இலையுதிர்கால மரங்கள் தெரியும். பளீரென்ற ஆரஞ்சு, ரோஸ் நிறங்கள் தாடையில் அதே நிறத்தை அடிக்கும். பொடிப்பொடிக் கோடு போட்ட சட்டை படத்தில் அலை அலையாக நெளியும். நடுத்தரமான ஒற்றை நிறம் எப்போதும் தப்பாது. கண்ணாடி போடுகிற பிள்ளையாக இருந்தால், கண்ணாடியோடு எடுக்கச் சொல்லுங்கள். கழற்றினால் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

காலை முதல் ஆளாகப் போனால் நல்லது, ஆனால் அது நம் கையில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் வகுப்புக்குச் சட்டையில் கெட்சப் நிச்சயம்.

ரீடச்சிங் வாங்கலாமா?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கன்னத்தில் ஒரு கொசுக்கடி. முன்பணம் கட்டும் பக்கத்தில் ரீடச்சிங் என்று ஒரு கட்டம். தோலில் இருக்கும் சின்னச் சின்ன வடு, புள்ளிகளை எடுத்துவிடுவோம் என்று போட்டிருந்தது. கூடுதலாகச் சில டாலர்தானே என்று டிக் போட்டேன். ஆறு வாரம் கழித்துக் கவர் வந்தது. கொசுக்கடி போயிருந்தது. கூடவே பொட்டும் போயிருந்தது. அவள் எப்போதும் வைக்கிற கடுகளவு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. நெற்றி சுத்தமாக, துடைத்துவிட்ட மாதிரி. யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு மென்பொருள், அதையும் ஒரு புள்ளி என்று நினைத்து எடுத்துவிட்டிருக்கிறது.

நான் கவனிக்காமல் மதுரைக்கு ஒன்று அனுப்பிவிட்டேன். அம்மா போனில், "ஏண்டி, பிள்ளையைப் பொட்டு வைக்காமலா படம் எடுக்க அனுப்புவே?" என்று ஆரம்பித்து அரை மணிநேரம் பேசினார். வைத்துத்தான் அனுப்பினேன், படக்காரர்கள் அழித்துவிட்டார்கள் என்று சொன்னேன். "பொட்டை அழிக்கிறதுக்குக் காசு கொடுத்தியா?" அதற்குமேல் நான் என்ன சொல்ல? குங்குமம் வைக்கலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். படத்துக்குக் குங்குமம் வைப்பது சாமிக்கும் போய்ச் சேர்ந்தவர்களுக்கும்தான் என்று அம்மா அதட்டிவிட்டு, கண்மையைத் தொட்டுப் படத்திலேயே சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். அந்தப் படம் இன்னும் அப்படியே டி.வி.க்கு மேல் இருக்கிறது.

கம்பெனிக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, ரீடச்சிங் இல்லாமல் அச்சடித்து அனுப்பினார்கள், காசு வாங்கவில்லை. கொசுக்கடியோடு, பொட்டோடு. அதனால் என் பதில்: வேண்டாம். மச்சம், பொட்டு, விபூதி, தழும்பு எதெல்லாம் உங்கள் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாது. கட்டாயம் வேண்டுமென்றால் "நெற்றிப் பொட்டை எடுக்க வேண்டாம்" என்று குறிப்பு எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல்லை வெள்ளையாக்குவது, தோலை மழுப்புவது எல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்கு?

படத்தில் என் பிள்ளை மிகவும் கறுத்து, முகமே தெரியாமல் இருக்கிறாள். நாம் கறுப்பு, அதனால்தான் என்று என் கணவர் சொல்கிறார்.

அவரிடம் சொல்லுங்கள், தப்பு நிறத்தில் இல்லை, விளக்கில் என்று. ஒரே இடத்தில் விளக்கை நிறுத்தி, ஒரே அளவில் வெளிச்சம் வைத்து முந்நூறு பிள்ளைகளை எடுக்கிறார்கள். அந்த அளவு வெளுத்த முகத்துக்குப் பொருந்தினால் கறுத்த முகம் இருண்டுவிடும். பின்னணியும் கருநீலமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் அனுப்பும். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த படத்தில் ஒருவருக்கு முகம் தெரியும், மற்றவருக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். ஷெர்லியோடு வேறு நிறப் பெண்களும் சேர்ந்த கார்டு வந்தது 1990களில்தான். இப்போது டிஜிட்டலில் இதைச் சரிசெய்வது மிகச் சுலபம், கவனம் மட்டும் வேண்டும். தயங்காமல் ரீடேக் கேளுங்கள், காரணத்தையும் எழுதுங்கள்: "வெளிச்சம் போதவில்லை, இளநிறப் பின்னணியில் எடுக்கவும்."

ரீடேக் எப்படிக் கேட்பது?

முதல் படம் வந்த சில வாரத்தில் ரீடேக் நாள் ஒன்று இருக்கும், பள்ளி நாட்காட்டியில் பாருங்கள். பிக்சர் டே அன்று வராத பிள்ளைகளையும் அப்போதுதான் எடுப்பார்கள். தனிக் கட்டணம் கிடையாது. ஏற்கனவே வாங்கிய கவரை, கத்தரிக்காமல், எதையும் எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பாட்டிக்கு ஒன்று அனுப்பிவிட்டு மீதியைக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். ரீடேக் முதல் படத்தைவிட மோசமாகவும் வரலாம், அதனால் திருப்பிக் கொடுக்கும் முன் பழையதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நினைவுக்கு.

ஒன்று மட்டும் வாங்கி ஸ்கேன் செய்துகொள்ளக் கூடாதா?

சட்டப்படி கூடாது. அமெரிக்காவில் படத்தின் காப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கு, அல்லது அவருடைய கம்பெனிக்கு. முகம் உங்கள் பிள்ளையுடையதுதான், படம் அவர்களுடையது. கடையில் கொடுத்தால் ஸ்டூடியோ படம் என்று பார்த்தவுடனே தெரிந்து, அனுமதிக் கடிதம் கேட்பார்கள். டிஜிட்டல் வாங்கினால் சொந்த உபயோகத்துக்குப் பிரிண்ட் போடும் அனுமதியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அந்தக் கடிதத்தையும் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் காட்ட.

வகுப்புப் படத்தில் பெயர் தப்பாக இருக்கிறதே?

இங்கே வகுப்புப் படம் என்பது பல பள்ளிகளில் எல்லாரும் சேர்ந்து நிற்பது அல்ல. தனித்தனி முகங்களை ஒரே தாளில் கட்டம் கட்டி, கீழே பெயர் போடுவார்கள். பெயர் பள்ளிப் பதிவிலிருந்து நேராக வருகிறது. நம் ஆட்கள் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அவன் வகுப்புப் படத்தில் அந்தப் பெயரோடுதான் சிரித்துக்கொண்டிருக்கிறான். செப்டம்பர் முதல் வாரமே அலுவலகத்தில் கேட்டு, அழைக்கும் பெயர் என்ற இடத்தில் சரியானதைப் போடச் சொல்லுங்கள். படம் அச்சான பிறகு யாரும் திருத்த மாட்டார்கள்.

இந்தப் படத்தையே பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கலாமா?

முடியாது. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு 2-க்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, நேராகப் பார்த்த முகம் வேண்டும்.

என் பிள்ளையின் படம் எங்கேயும் போகக் கூடாது என்றால்?

மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்க ஃபெர்பா என்று 1974-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், படம் போன்ற சிலவற்றைப் பள்ளி 'டைரக்டரி தகவல்' என்று வகைப்படுத்தி வெளியே கொடுக்கலாம். ஆனால் அதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், நீங்கள் வேண்டாம் என்றால் கேட்க வேண்டும். வருடத் தொடக்கத்தில் கையெழுத்துக்கு வரும் காகிதக் கட்டில் அந்தப் படிவம் இருக்கும். முழுவதும் வேண்டாம் என்று போட்டால் இயர்புக்கிலும் வகுப்புப் படத்திலும் பிள்ளை இல்லாமல் போகலாம். அது உங்களுக்குச் சம்மதமா என்று அலுவலகத்தில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊருக்கு எதை அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஊரில் பக்கத்து ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு, லேமினேட்டும் செய்துகொள்வார்கள். இங்கிருந்து தபாலில் 8-க்கு 10 அனுப்பி, அது மடங்கிப் போய்ச் சேர்ந்த கதை என்னிடம் இரண்டு இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் நெற்றியை மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.